பின்சில்லின் மேல் நிற்றல்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில், அலை ஏறி மீண்டபின் சிறிது நேரம் இறுகிக் கிடக்கும் ஈரமணற் பரப்பிலே, பதின்மூன்று பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் மாலைதோறும் தன் சைக்கிளோடு நெடுநேரம் போராடிக்கொண்டிருந்ததைச் சென்ற ஆண்டு பல நாட்கள் நின்று பார்த்திருக்கிறேன். முன்சில்லை மேலே தூக்கி நிறுத்தி, பின்சில்லு ஒன்றின் மேலேயே, முன்னே ஓடாமலும் பின்னே சரியாமலும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்பதே அவனுடைய பிரயத்தனம். பெடல் இரண்டையும் நிலத்துக்குச் சமாந்தரமாக வைத்து, வலது காலை முன்னிறுத்தி, முழங்காலைத் தாழ்த்தி, ஒரு மிதி மிதித்து உடம்பைப் பின்னே இழுப்பான்; முன்சில்லு மார்பளவுக்கு எழும்; அந்தக் கணமே ஒரு விரலாற் பின்பிறேக்கை இறுக்குவான். பிறகு, நிற்பதற்காகவே குதிப்பான். ஒவ்வொரு குதிப்புக்கும் ஈரமணலில் முட்டை வடிவமான ஒரு தடம் பதியும். முதல் நாள் இரண்டு தடங்களுக்கு மேல் நான் காணவில்லை. இரண்டு வாரம் கழிந்தபின் ஒருநாள் அவன் இறங்கிய பிறகு எண்ணிப் பார்த்தேன்: பதினேழு தடங்கள். அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கவில்லை. ஒன்று சற்று இடப்பக்கம், அடுத்தது ஒரு சாண் பின்னே, அதற்கடுத்தது மீண்டும் முன்னே என்று நண்டு ஊர்ந்த சுவடுபோல அலைந்து கிடந்தன. அவன் அசையாமல் நின்றான் என்று கண் சொன்னதை மணல் மறுத்தது. சமநிலை என்பது யாது, அதனைத் தேகம் எவ்வாறு கற்கிறது, கற்றதை எவ்வாறு பேணுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அந்தத் தடங்களிலே விடை இருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

மேனாடுகளில் இவ்வித்தை ‘ட்ரயல்ஸ்’ என்ற பெயரோடு தனி விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. வேகம் அங்கே பொருட்டன்று. பாறை, மரக்குற்றி, சீமெந்துக் கட்டை முதலிய தடைகளைக் காலை நிலத்தில் ஊன்றாமற் கடப்பதே குறிக்கோள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் வழங்கிய இவ்விளையாட்டைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஸ்பெயினின் கற்றலோனியா நாட்டவரான பேரே பீ என்ற மோட்டார் சைக்கிள் வீரரும், அவர் மகன் ஒட் பீயும் முக்கியமானவர்கள். 1986 முதல் இதற்கு உலகச் சம்பியன் போட்டி நடக்கிறது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலே சைக்கிள் திருத்தும் தொழில் செய்த டனி மக்கஸ்கில் என்னும் இளைஞர் அந்நகர வீதிகளிற் செய்துகாட்டிய சாகசங்களின் படம் 2009 இல் இணையத்தில் வெளிவந்தபின், இக்கலையை அறியாத நாட்டுச் சிறுவரும் இதனை அறிந்தனர். இதற்கென அமைந்த வண்டி தனி இனம்: அமர்வதற்குச் சீற் இராது, சட்டம் தாழ்ந்திருக்கும், சில்லு 20 அங்குலம் அல்லது 26 அங்குலம், மிதித்தவுடனே இழுக்கும்படி பற்சக்கரங்கள் சிறியனவாக இருக்கும், ரயரில் காற்று குறைவாக இருக்கும். காற்றுக் குறைந்த ரயர் நிலத்தோடு அகலமாகப் படிந்து பிடியையும், அமுங்கி எழுந்து குதிப்புக்கு ஒரு சுருள்வில்லின் உதவியையும் தருகிறது. எங்கள் கடற்கரைச் சிறுவனிடம் இவை ஒன்றும் இல்லை. அவனிடம் இருந்தது சாதாரணமான ஒரு சைக்கிளும், இறுகிப் பிடிக்கும் ஒரு பின்பிறேக்கும், சலியாத மனமுமே.

ஓடுகிற சைக்கிள் விழாமல் இருப்பதும், நிற்கிற சைக்கிளின் பின்சில்லில் ஒருவன் விழாமல் இருப்பதும் வேறு வேறு காரியங்கள். 1817 இல் ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வண்டியில் ஏறி நிலத்தை உதைத்து ஓடிய நாள் முதல், அது ஏன் விழுவதில்லை என்னும் கேள்வி அறிஞர்களை விடவில்லை. 1899 இல் விப்பிள் என்ற ஆங்கிலேயர் அதன் இயக்கத்தைச் சமன்பாடுகளாக வகுத்தார். சுழலும் சில்லு பம்பரம்போலத் தன் அச்சைக் காத்துக்கொள்வதே காரணம் என்று பலர் நம்பினர். 1970 இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், எதிர்த்திசையிற் சுழலும் மற்றொரு சில்லைப் பக்கத்தே பொருத்தி அந்தப் பம்பரப் பயனை அழித்துவிட்டு ஓடிப் பார்த்தார். அப்போதும் அவரால் விழாமல் ஓட முடிந்தது. 2011 இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர் ஐவர், பம்பரப் பயனும் இல்லாத, முன்சில்லு தானே பின்தொடர்ந்து நேராகும் அமைப்பும் இல்லாத ஒரு சிறு வண்டியை ஆக்கி, அதுவும் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினர். இவை யாவற்றிலும் எஞ்சி நிற்கும் உண்மை ஒன்று: எந்தப் பக்கம் விழப் போகிறதோ அந்தப் பக்கமே ஹாண்டில் திரும்பினால், சில்லு உடலின் கீழே வந்து சேர்ந்து தாங்கிக்கொள்ளும். சைக்கிள் பழக்கிவிடும் தகப்பன் பின்னே ஓடிக்கொண்டே, விழுகிற பக்கம் திருப்படா என்று கத்துவதும் இதுவே.

பின்சில்லின் மேல் நிற்பவனுக்கு இந்த உபகாரம் கிடையாது. ஓட்டம் இல்லை, திருப்புதற்குரிய முன்சில்லோ ஆகாயத்தில் இருக்கிறது. அவன் இப்போது சைக்கிள்காரன் அல்லன். உள்ளங்கையில் நிறுத்திய கோலுக்கு ஒப்பானவன். இதனை வாசகர் வீட்டிலேயே பரிசோதித்துப் பார்க்கலாம். ஓர் ஈர்க்கை விரல்நுனியில் நிறுத்த முயலுங்கள். கண் இமைக்கும் முன் விழும். தோணி தள்ளும் நீண்ட கோலை உள்ளங்கையில் நிறுத்துங்கள். அது நிதானமாகச் சாயும். நீங்கள் கையை நகர்த்திப் பிடிக்க அவகாசம் தரும். காரைதீவிலே பிறந்து விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள், நரம்பின் நீளத்துக்கும் அதில் எழும் சுரத்துக்கும் உள்ள கணிதத்தை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். நரம்பின் நீளம் சுரத்தை நிர்ணயிப்பதுபோலவே, கோலின் நீளம் அது விழும் காலத்தை நிர்ணயிக்கிறது. நீளம் நான்கு மடங்கானால் விழும் காலம் இரண்டு மடங்காகும்.

பின்சில்லில் நிற்பவனின் உடற்பாரம் குவிந்திருக்கும் மையம், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கும் எனக் கொள்வோம். அது சில்லு நிலத்தைத் தொடும் புள்ளிக்கு நேர்மேலே இராமல் ஒரு சென்ரிமீற்றர் விலகியிருந்தால் என்னவாகும்? எதுவும் செய்யாது விட்டால், அரைச் செக்கனில் அவ்விலகல் இரண்டரைச் சென்ரிமீற்றராகும். ஒரு செக்கனில் பதினொரு சென்ரிமீற்றரைத் தாண்டும். பிழை பிழையைத் தின்று வளர்வதே இதன் சுபாவம். முதல் அரைச் செக்கனுக்குள் திருத்தினால் விரலசைவு போதும். ஒரு செக்கன் தாமதித்தால் முழு உடம்பும் போதாது. திறமை என்பது பெரிய பிழையைத் திருத்தும் பலம் அன்று, சிறிய பிழையை உடனே உணரும் நுட்பம் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

திருத்தும் வழிகள் நான்கு. முன்னே சாய்ந்தால் பிறேக்கைத் தளர்த்திப் பெடலை ஓர் உதை உதைக்க வேண்டும். சில்லு முன்னே ஓடி உடம்பின் கீழே வந்து நிற்கும், முன்சில்லும் உயரும். பின்னே சாய்ந்தால் பிறேக்கைப் பிடித்தபடியே பின்னோக்கி ஒரு குதி குதிக்க வேண்டும். பக்கவாட்டிற் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே குதிக்க வேண்டும். மிகச் சிறிய விலகலுக்கு முழங்காலையோ ஹாண்டிலையோ ஒருபுறம் ஆட்டினாலே போதும். பூட்டிய சில்லோடு அசையாது நிற்பவனுக்கு நிலத்தைத் தொடும் புள்ளியை மாற்ற வழியில்லை. குதிப்பவனுக்கோ ஒவ்வொரு குதிப்பும் புதியதொரு காலூன்றல். ஐந்து சென்ரிமீற்றர் உயரக் குதித்தால் வண்டி ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஐந்திலொரு செக்கன். அதற்குள் சில்லைத் தேவையான இடத்துக்கு நகர்த்திவிடலாம். மணலில் அலைந்து கிடந்த அந்தத் தடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திருத்தம்.

இதே நியதியை எங்கள் வாவியிலே நூற்றாண்டுகளாக அனுசரித்து வருபவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் தோணியின் தலைப்பிலே நின்று வீச்சுவலை எறியும் மீனவரை ஒருதரம் கூர்ந்து கவனியுங்கள். வலையின் ஒரு பகுதியைத் தோளிலும் முழங்கையிலும் ஏற்றி, விளிம்பைக் கையில் வகிர்ந்து பிடித்து, இடுப்பைத் திருப்பி அவர் வீசும்போது, வலை முன்னே போக, தோணி பின்னே நழுவும். அவர் தோளைப் பார்க்கவேண்டாம், பாதத்தைப் பாருங்கள். வலை கையை விட்டு நீங்குவதற்குச் சற்று முன்னரே கால்விரல்கள் பலகையை இறுகப் பற்றும்; முழங்கால் மடியும். தோணி நழுவியபின் அவர் ஈடுசெய்வதில்லை. நழுவப் போவதை அறிந்து முன்கூட்டியே ஈடுசெய்கிறார். அவரை எப்படி என்று கேட்டால் அவராற் சொல்ல முடியாது. அவர் அறிவதை அவருடைய நாவு அறியாது.

அந்த அறிவு எங்கே இருக்கிறது? உட்காதிலே ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியையும், அவற்றின் அருகேயுள்ள நுண்ணிய கற்பொடிகள் தாங்கிய இரண்டு பைகள் தலையின் சாய்வையும் அறிவிக்கின்றன. பாதத்தின் தோல் அழுத்தத்தையும், தசைகள் தமது நீட்சியையும், கண்கள் தொடுவானத்தையும் அறிவிக்கின்றன. இவற்றின் வேகம் ஒன்றல்ல. கண்டு உணர்ந்து செயலாற்ற ஐந்திலொரு செக்கனளவு செல்லும்; தசை இழுபட்டதும் முள்ளந்தண்டு வழியே எழும் அனிச்சைச் செயலுக்கு இருபதிலொரு செக்கனே போதும். பிழை இத்தனை விரைவாக வளரும் இடத்தில், நடந்ததை அறிந்து திருத்துவது மட்டும் காப்பாற்றாது. நடக்கப் போவதை ஊகிக்க ஒருவர் வேண்டும். அந்த ஊகிப்பாளரே சிறுமூளை. மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களில் 6,900 கோடி அளவு, பிடரிக்குள் அடங்கும் இச்சிறிய உறுப்பிலேயே இருக்கின்றன. அங்குள்ள புர்கிஞ்சிக் கலம் ஒவ்வொன்றையும் இலட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய இழைகள் தொட்டு, உடம்பின் நிலையைப் பற்றிய செய்திகளைத் தருகின்றன. அவற்றைவிட, ஏறுகொடிபோலச் சுற்றிப் படரும் தனியோர் இழை, பிழை நேர்ந்தபோது அறிவிக்கிறது. அந்தப் பிழைச் செய்தி வந்த வேளையிலே செயற்பட்டிருந்த மெல்லிய இழைகளின் தொடர்பு தளர்கிறது. அதனால் அடுத்த முறை ஊகம் சற்றுச் செம்மையாகிறது. 1969 இல் டேவிட் மார் என்ற ஆங்கிலேயரும், 1971 இல் ஜேம்ஸ் அல்பஸ் என்ற அமெரிக்கரும் சிறுமூளை இவ்விழைகளின் வழியே கற்கும் கொள்கையை வகுக்க, 1982 இல் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ, தொடர்பு தளர்வதைப் பரிசோதனையாற் காட்டினார். ஆதலால், அச்சிறுவன் விழுந்த ஒவ்வொரு முறையும் அவனது சிறுமூளைக்குப் பாடம் நடந்தது. விழாமற் பழக வேண்டும் என்று கேட்பது, பாடமின்றிப் படிக்க வேண்டும் என்று கேட்பதாகும்.

பழகத் தொடங்குபவனின் கைகள் மரக்கட்டைபோல விறைத்திருக்கும். அதற்கும் காரணம் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய அத்தனை மூட்டுகளையும் ஒரேவேளையில் ஆள இயலாத தேகம், பலவற்றைப் பூட்டிவைத்துச் சிலவற்றை மட்டும் ஆள்கிறது; திறமை வளர வளரப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. இதனை எடுத்துக் கூறியவர் ருசிய அறிஞர் நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன். 1920களில் அவர் மொஸ்கோவிலே, உளியைச் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளரின் அங்கங்களிற் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம்பிடித்தார். சுத்தியல் உளியின் தலையிலே தவறாமல் விழுந்தது. ஆனால் கை சென்ற பாதை ஒருதரம் போல மறுதரம் இருக்கவில்லை. கைதேர்ந்தவன் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை, ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பத் தீர்க்கிறான் என்பது அவர் கண்ட முடிபு. பதினேழு தடங்களும் பதினேழு இடங்களில் இருந்ததற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் பழகுவது என்பதிலும் விஞ்ஞானத்துக்குச் சொல்ல ஒன்றுண்டு. பிரித்தானியத் தபால் ஊழியர்களுக்குத் தட்டெழுத்துப் பயிற்றுவித்து ஆராய்ந்த பாட்லி, லோங்மன் என்னும் ஆய்வாளர் இருவர் 1978 இல் வெளியிட்ட முடிபு, நாளுக்கு ஒருமணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணித்தியாலங்களிற் கற்றுக்கொண்டார்கள் என்பதாகும். புதிதாகக் கற்ற அசைவு மூளையில் உறுதிப்பட, பயிற்சி முடிந்தபின் சில மணி நேரம் வேண்டும் என்பதையும் 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. இரவு நித்திரைக்குப் பின் வித்தை சற்றே முதிர்ந்திருப்பதைப் பழகியவர் பலரும் உணர்ந்திருப்பர்.

இனி, கற்றதை இழந்து மீளக் கற்பதைப் பற்றி. 2022 இல் பெற்றோல் கிடையாமல் நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்ட காலத்தில், வாவியின் இருபுறத்துப் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் வீடுகளின் பின்புறத்தே சிலந்தி வலை மூடிக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. இருபது முப்பது ஆண்டுகளாகப் பெடலைத் தொடாத ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கல்லடிப் பாலத்தின் மேல் வரிசையாகச் சென்றதைக் கண்டேன். அவர்களுள் நானும் ஒருவன். முதல் நூறு யார் தூரம் வண்டி தள்ளாடிற்று; பிறகு தள்ளாட்டம் எப்போது நின்றது என்பதே தெரியவில்லை. இளமையிலே பாடசாலை மைதானத்தில் முன்சில்லைத் தூக்கி ஐந்தாறு குதிப்புகள் நின்றவன் நான். கடற்கரைச் சிறுவனைக் கண்டபின், ஐம்பத்தாறாவது வயதில், புற்றரையிலே மெதுவாக மீண்டும் முயன்றேன். முதல் மாலை ஒரு குதிப்பும் நிற்கவில்லை. மூன்றாம் மாலை, உடம்பு பின்னே சரிந்த கணத்தில், நான் நினைக்கும் முன்பே சுட்டுவிரல் பிறேக்கை இறுக்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த விரல் கற்றது அங்கேயே இருந்தது.

இது என் ஒருவனின் அனுபவம் அன்று. 1885 இல் ஹேர்மன் எப்பிங்கவுஸ் என்ற ஜேர்மானியர், முற்றும் மறந்துவிட்டதாகத் தோன்றும் பாடத்தையும் மீளக் கற்கும்போது முதல்முறையைவிடக் குறைந்த நேரமே செல்வதைத் தம்மையே பரிசோதித்துக் கண்டார். 1953 இல் மூளையிற் செய்த சத்திரசிகிச்சையின் பின் புதிய ஞாபகம் எதனையும் பேண இயலாமற்போன ஹென்றி மொலேசன் என்பவருக்கு, கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தின் கோடுகளுக்கிடையே வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் கொடுத்தார். முன்தினம் செய்தது மொலேசனுக்கு நினைவில் இல்லை. ஆயினும் மூன்று நாட்களில் அவர் கை தேர்ந்துவிட்டது. நடந்ததைச் சொல்லும் ஞாபகமும், செய்யத் தெரிந்திருக்கும் ஞாபகமும் மூளையின் வேறு வேறு அறைகளில் இருப்பதை உலகம் அதனால் அறிந்தது. பின்சில்லின் மேல் நிற்கும் கலை இரண்டாவது அறையில் இருப்பது. அது எளிதில் அழிவதில்லை.

அழிவதில்லையெனின் முதல் மாலை நான் ஏன் விழுந்தேன்? ஞாபகம் பழையது, தேகம் புதியது. பதினெட்டு கிலோ கூடிய உடம்பு வேறு விதமாகச் சாய்கிறது, தசை தளர்ந்திருக்கிறது, உட்காதின் நுண்மை வயதோடு குறைகிறது. சிறுமூளை பழைய உடம்புக்குரிய ஊகத்தையே தருகிறது; அதனைப் புதிய அளவுக்குத் திருத்திக்கொள்ள அதற்குச் சில பிழைகள் தேவை. அத்தோடு அச்சமும் சேர்கிறது. அச்சம் மூட்டுகளை மீண்டும் பூட்டிவிடுகிறது. ஆகவே மீளக் கற்பவர் முதலிற் பழகவேண்டியது நிற்பதற்கு அன்று, இறங்குவதற்கு: பின்னே சரியும்போது பிறேக்கை விட்டுவிடாமல், வண்டியை முன்னே நீட்டிப் பிடித்தபடி இரு காலும் நிலத்தில் ஊன்ற இறங்குதல். அது கைவந்தபின், இரண்டு சில்லும் நிலத்திலிருக்க, முன்சில்லைச் சற்றே திருப்பி, பிறேக்கைப் பிடித்து அசையாமல் நிற்றல். பின்னர் இரண்டு சில்லோடும் சிறு குதிப்பு. அதன்பின்னரே முன்சில்லைத் தூக்குதல். புற்றரையோ ஈரமணலோ இதற்கு ஏற்ற இடம், தலைக்கவசம் இன்றியமையாதது, ஒரு மாலைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கடற்கரையிற் பழகியவர் வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரிற் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். உப்பு இரும்பை விரைவில் அரித்துவிடும்.

பிள்ளைகள் சைக்கிளை வைத்துக்கொண்டு வீண்பொழுது போக்குகிறார்கள் என்று வருந்தும் பெற்றோருக்கு என் பணிவான விண்ணப்பம் இது. கடற்கரை மணலில் விழுந்து எழும்பும் பிள்ளை, எந்தப் பாடப்புத்தகமும் தரமுடியாத ஒரு கல்வியைத் தன் பிடரிக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது. வீதியிற் செய்வதைத் தடுங்கள். மணலிலும் புல்லிலும் செய்வதைத் தடுக்காதீர்கள். தலைக்கவசம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அருகே நின்று பாருங்கள். ஒருகாலத்தில் ஓடிப் பின்னர் கைவிட்ட பெரியோரே, உங்கள் வீட்டுச் சுவரிற் சாய்ந்திருக்கும் பழைய சைக்கிளுக்குக் காற்று அடியுங்கள், பிறேக்கைச் சரிபாருங்கள், நாளை மாலை ஒருதரம் ஏறுங்கள். முதல் நாள் தள்ளாடும். மூன்றாம் நாள் விரல் தானே நினைவுகூரும்.